ஆட வேண்டாம் என்று சொல்வது யார்?

1974 மே மாதம் கல்கத்தாவில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் மோதிய டேவிஸ் கோப்பைச் சுற்று 327 கேம்கள் நீண்டது. டேவிஸ் கோப்பை வரலாற்றில் அதைவிட நீண்ட சுற்று கிடையாது. இரட்டையர் ஆட்டத்தின் முதல் செட் 17–15, நான்காவது 16–18. சென்னையைச் சேர்ந்த ஆனந்த், விஜய் அமிர்தராஜ் சகோதரர்கள் அந்த ஆட்டத்தை ஐந்தாவது செட்டில் முடித்தார்கள். சுற்று 3–2 என்று இந்தியாவுக்குக் கிடைத்தது. பிறகு புனேயில் சோவியத் யூனியனை 3–1 என்று வென்று இந்தியா இறுதிக்குப் போனது.

இறுதியில் எதிரணி தென்னாப்பிரிக்கா. நிறவெறி ஆட்சி நடக்கும் நாட்டோடு விளையாட்டு உறவு கூடாது என்பது இந்திய அரசின் கொள்கை. இந்தியா ஆட மறுத்தது. ஒரு பந்துகூட அடிக்காமல் தென்னாப்பிரிக்கா கோப்பையை எடுத்துக்கொண்டது. டேவிஸ் கோப்பையின் இறுதிச் சுற்று ஆடப்படாமலே முடிவானது அதுதான் முதல் முறை. விஜய்க்கு அப்போது 20 வயது, ஆனந்துக்கு 22. ஜெயித்திருப்போம் என்ற நம்பிக்கை இருந்ததாக அவர்கள் பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். 1987இல் இந்தியா மறுபடியும் இறுதிக்கு வந்து ஸ்வீடனிடம் 0–5 என்று தோற்றது. அந்தக் கோப்பை இன்றுவரை இந்தியாவுக்கு வரவில்லை.

அந்த இழப்புக்குப் பொருள் இருந்ததா? இருந்தது என்றே நினைக்கிறேன். ஆனால் புறக்கணிப்பு என்று பெயர் சூட்டிய எல்லாவற்றுக்கும் அப்படிப் பொருள் இருந்ததாகச் சொல்ல மாட்டேன். மனித உரிமையின் பெயரால் ஒரு பன்னாட்டுப் போட்டியைப் புறக்கணிக்கலாமா என்ற பேச்சு வந்தால் இரண்டு பதில்கள் தயாராக நிற்கின்றன. விளையாட்டில் அரசியலைக் கலக்காதே என்பது ஒன்று. அநியாயம் செய்யும் நாட்டோடு எந்த ஒட்டும் உறவும் வேண்டாம் என்பது மற்றொன்று. இரண்டுமே வரலாற்றைத் திறந்து பார்க்கும் சிரமத்தைத் தவிர்த்துவிடுகின்றன. திறந்து பார்த்தால் பலித்த புறக்கணிப்புகளுக்கும் பலிக்காதவற்றுக்கும் நடுவே ஒரு வேறுபாடு திரும்பத் திரும்பத் தென்படுகிறது. ‘ஆட வேண்டாம்’ என்ற அழைப்பு யாரிடமிருந்து வந்தது என்பதுதான் அது.

தென்னாப்பிரிக்காவையே முதலில் எடுத்துக்கொள்வோம். 1948இல் தேசியக் கட்சி ஆட்சிக்கு வந்தது. 1956இல் உள்துறை அமைச்சர் டோங்கஸ் விளையாட்டுக் கொள்கையை அறிவித்தார். வெள்ளையரும் மற்றவர்களும் தனித்தனியாகத்தான் ஆட வேண்டும், வெளிநாட்டு அணிகளும் இந்த வழக்கத்தை மதித்து நடக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஆக, நாட்டின் பெயரைச் சுமந்து வெளியே போகும் அணி வெள்ளையர் அணி மட்டுமே. இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். அங்கே உரிமை மீறல் ஏதோ ஒரு சிறையிலோ எல்லைப்புறத்திலோ நடந்துகொண்டிருக்க, மைதானம் மட்டும் தனியாக இயங்கவில்லை. அணித் தேர்வு, பார்வையாளர் வரிசை, உடை மாற்றும் அறை எல்லாவற்றிலும் அது நடந்தது.

பாப்வா செவ்கோலம் என்ற கோல்ஃப் வீரரின் கதை இதற்குச் சான்று. டர்பனைச் சேர்ந்த இந்திய வம்சாவளியினர். கோல்ஃப் மட்டையைப் பிடிக்கும்போது வலது கையும் இடது கையும் இடம் மாறியிருக்கும். யாரும் சொல்லிக் கொடுக்காமல் தானாகக் கற்றுக்கொண்ட பிடி. அந்தப் பிடியோடு போய் 1959இலும் 1960இலும் டச்சு ஓப்பன் பட்டத்தை வென்றார். 1963இல் நட்டால் ஓப்பனை வென்றபோது மழை. வெள்ளையர்கள் கிளப் கட்டிடத்துக்குள் இருந்தார்கள். உள்ளே நுழைய அவருக்கு அனுமதி இல்லை. பட்டம் வென்றவர் வெளியே மழையில் நனைந்தபடி கோப்பையை வாங்கிக்கொண்டார். அந்தப் புகைப்படம் உலகப் பத்திரிகைகளில் வந்தது. சில ஆண்டுகளில் வெள்ளையர் பங்கேற்கும் போட்டிகளில் அவர் ஆடவே அரசு தடை விதித்தது.

உலகம் தென்னாப்பிரிக்காவைத் தள்ளி வைக்க வேண்டும் என்று முதலில் கேட்டவர்கள் லண்டனிலோ டெல்லியிலோ இருந்தவர்கள் அல்லர். இப்படி வெளியே நிறுத்தப்பட்டவர்களே கேட்டார்கள். 1956லேயே உலக மேசைப்பந்துக் கூட்டமைப்பு வெள்ளையர் சங்கத்தை விலக்கி, நிறபேதமற்ற சங்கத்தை அங்கீகரித்தது. அந்தச் சங்கத்தின் வீரர்கள் 1957இல் ஸ்டாக்ஹோம் உலகப் போட்டிக்குப் போனார்கள். அடுத்து அரசு அவர்களுக்குப் பாஸ்போர்ட் தர மறுத்தது. 1958இல் தென்னாப்பிரிக்க விளையாட்டுச் சங்கமும், அதைத் தொடர்ந்து ‘சான்ராக்’ எனப்பட்ட நிறபேதமற்ற ஒலிம்பிக் குழுவும் உருவாயின. இரண்டிலும் முன்னின்றவர் டென்னிஸ் புரூட்டஸ், கவிஞர், பள்ளி ஆசிரியர். ஒலிம்பிக் இயக்கத்துக்குக் கடிதம் எழுதியதும் கூட்டத்துக்குப் போனதும் அவர் செய்த குற்றங்கள். 1963இல் ஜோஹனஸ்பர்க் தெருவில் போலீஸ் பிடியிலிருந்து தப்ப ஓடியபோது முதுகில் சுடப்பட்டார். ராபன் தீவில் சிறை வைக்கப்பட்டார். 1966இல் நாட்டைவிட்டு வெளியேறினார்.

அவருக்குப் பின் லண்டனில் சான்ராக்கை நடத்தியவர் சாம் ராம்சாமி. டர்பனில் பிறந்தவர், உடற்கல்வி ஆசிரியர். பெயரே அவருடைய தென்னிந்திய வேரைச் சொல்லிவிடும். எந்த நாட்டு வீரர் எந்தத் தேதியில் தென்னாப்பிரிக்கா போனார், யார் பணம் கொடுத்தார்கள் என்று துருவித் துருவிச் சேகரித்து ஐக்கிய நாடுகள் சபைக்கும் விளையாட்டுக் கூட்டமைப்புகளுக்கும் அனுப்புவதுதான் சான்ராக்கின் அன்றாட வேலை. 1990 வரை அந்தப் பொறுப்பு அவரிடம் இருந்தது. நாட்டுக்குள்ளே, 1973இல் உருவான தென்னாப்பிரிக்க விளையாட்டு மன்றமான ‘சாகோஸ்’ இதே வேலையைச் செய்தது. கேப் டவுனின் ஹசன் ஹோவா அதன் குரல்களில் ஒருவர். இயல்பற்ற சமூகத்தில் இயல்பான விளையாட்டு இருக்க முடியாது என்பது அவர்களுடைய முழக்கம்.

சாகோஸ் தன் உறுப்பினர்களுக்கு விதித்த கட்டுப்பாட்டை நினைத்தால் இன்றும் வியப்பாக இருக்கிறது. எழுபதுகளின் நடுவில் அரசு கொஞ்சம் இறங்கிவந்தது. அனுமதிச் சீட்டு வாங்கினால் இனங்கள் கலந்து ஆடலாம், நல்ல புல்தரை கிடைக்கும், பணமும் கிடைக்கும் என்றது. சாகோஸ் வேண்டாம் என்றது. அனுமதிச் சீட்டோடு ஆடுபவருக்கு எங்கள் சங்கத்தில் இடமில்லை என்று தீர்மானம் போட்டது. புல்லே முளைக்காத பொதுத் திடல்களில், மேடு பள்ளமான ஆடுகளத்தில் பந்து வீசி, மட்டை பிடித்து, உலகம் பெயர்கூட அறியாமல் ஓய்வு பெற்ற கிரிக்கெட் வீரர்கள் ஒரு தலைமுறை முழுக்க இருந்தார்கள். வெளியுலகம் புறக்கணித்தது என்றால், உள்ளே இருந்தவர்கள் தங்கள் வாழ்வின் ஆடும் வயதைக் கொடுத்துத்தான் அதற்கு வலு சேர்த்தார்கள். புறக்கணிப்பால் பாதிக்கப்படுவது ஒடுக்கப்பட்டவர்களே என்ற வாதத்துக்கு இதைவிட நேரடியான பதில் இல்லை. ஆம், பாதிக்கப்பட்டார்கள்; தெரிந்தே அதை ஏற்றுக்கொண்டு, எங்களுக்காக விட்டுக்கொடுங்கள் என்று உலகத்திடம் கேட்டார்கள்.

கேட்டதும் உலகம் ஓடிவந்துவிடவில்லை. 1964 டோக்கியோ ஒலிம்பிக்குக்குத் தென்னாப்பிரிக்காவுக்கு இருந்த அழைப்பு திரும்பப் பெறப்பட்டது. 1968 மெக்சிகோவுக்கு மறுபடியும் அழைத்தார்கள். ஆப்பிரிக்க நாடுகள் வரமாட்டோம் என்று சொன்ன பிறகு கைவிட்டார்கள். 1970இல்தான் ஒலிம்பிக் இயக்கத்திலிருந்து வெளியேற்றம். கால்பந்தில் ஃபிஃபா 1961இல் இடைநீக்கம் செய்து, 1963இல் திரும்பச் சேர்த்து, 1964இல் மறுபடியும் நீக்கியது. இடையில் தென்னாப்பிரிக்கச் சங்கம் வைத்த சமரசம் என்ன தெரியுமா? 1966 உலகக் கோப்பைக்கு முழு வெள்ளை அணி, 1970க்கு முழுக் கறுப்பு அணி. இதை ஒரு தீர்வு என்று எழுதி அனுப்ப அவர்களுக்குக் கை கூசவில்லை.

பொதுமக்கள் மனத்தை மாற்றியது 1968இல் இங்கிலாந்தில் நடந்தது. கேப் டவுனில் கலப்பினத்தவராக வகைப்படுத்தப்பட்ட பேசில் டி ஒலிவேரா சொந்த நாட்டுக்கு ஆட வழியில்லாமல் 1960இல் இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்தவர்; அங்கே டெஸ்ட் வீரரானார். ஆகஸ்டில் ஓவல் மைதானத்தில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 158 ஓட்டங்கள் குவித்தார். அடுத்த தொடர் தென்னாப்பிரிக்காவில். அணி அறிவிக்கப்பட்டபோது அவர் பெயர் இல்லை. 158 அடித்தவரை விட்டது ஏன் என்று நாடே கேட்டது. பிறகு டாம் கார்ட்ரைட் காயத்தால் விலக, டி ஒலிவேரா சேர்க்கப்பட்டார். இது நிறவெறி எதிர்ப்பு இயக்கத்தின் அணி என்று தென்னாப்பிரிக்கப் பிரதமர் வோர்ஸ்டர் ஏற்க மறுத்தார். தொடர் ரத்தானது. விளையாட்டில் அரசியலைக் கலந்தது யார் என்ற கேள்விக்கு அன்றே விடை கிடைத்துவிட்டது. ஒரு கிரிக்கெட் அணியில் யார் இருக்கலாம் என்பதை எதிரணி நாட்டின் பிரதமர் தீர்மானித்தார்.

1970இல் தென்னாப்பிரிக்கா இங்கிலாந்துக்கு வருவதாக இருந்ததை, பீட்டர் ஹெய்ன் என்ற இளைஞர் முன்னின்ற மாணவர் இயக்கம் தடுத்து நிறுத்தியது. 1977இல் காமன்வெல்த் தலைவர்கள் கிளெனீகிள்ஸில் கூடி விளையாட்டுத் தொடர்பைத் துண்டிக்க உடன்பட்டார்கள். அதற்கு நடுவே 1976 வருகிறது. ஜூன் 16இல் சோவெட்டோவில் பள்ளிப் பிள்ளைகள் மீது துப்பாக்கிச் சூடு. சில வாரங்களில் நியூசிலாந்தின் ரக்பி அணி எதுவும் நடக்காததுபோல் தென்னாப்பிரிக்காவில் சுற்றுப்பயணம் செய்தது. நியூசிலாந்தை வெளியேற்றினால்தான் வருவோம் என்று சொல்லி, இருபதுக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்க நாடுகள் மான்ட்ரியல் ஒலிம்பிக்கைவிட்டு விலகின.

அங்கே இழந்தவர்களின் பெயர்களையும் சொல்ல வேண்டும். உகாண்டாவின் ஜான் அக்கி புவா 1972இல் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் தங்கம் வென்றவர். பட்டத்தைக் காக்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்கவில்லை. தான்சானியாவின் ஃபில்பர்ட் பாயி 1500 மீட்டரில் அன்றைய உலகச் சாதனையாளர். நியூசிலாந்தின் ஜான் வாக்கரோடு அவர் ஓடப்போவதைப் பார்க்க உலகமே காத்திருந்தது. பாயி இல்லாத ஓட்டத்தில் வாக்கர் தங்கம் வென்றார். எத்தியோப்பியாவின் மிருட்ஸ் இஃப்டர் நான்கு ஆண்டுகள் காத்திருந்து மாஸ்கோவில் இரண்டு தங்கம் எடுத்தார். காத்திருக்க முடியாதவர்கள் வரலாற்றில் இடம் இல்லாமல் போனார்கள்.

எல்லைக்கோட்டைத் தாண்டிப் போனவர்களும் உண்டு. பெரும் பணம் கொடுத்து அழைக்கப்பட்ட ‘கலக’ அணிகளில் இங்கிலாந்து, இலங்கை, மேற்கிந்தியத் தீவுகள், ஆஸ்திரேலிய வீரர்கள் இருந்தார்கள். இலங்கையின் முதல் டெஸ்ட் தலைவர் பந்துல வர்ணபுர 1982இல் ஒரு கலக அணிக்குத் தலைமை தாங்கிப் போனார். அவருக்கும் உடன் சென்றவர்களுக்கும் 25 ஆண்டுத் தடை. டெஸ்ட் உலகில் அப்போதுதான் காலடி வைத்த ஒரு சிறிய நாட்டுக்கு அது சாதாரண முடிவு அல்ல. இங்கிலாந்து தன் வீரர்களுக்குக் கொடுத்தது மூன்று ஆண்டு.

இவ்வளவும் சேர்ந்து என்ன சாதித்தது? நிறவெறியை வீழ்த்தியது உள்நாட்டு மக்களின் போராட்டம், தொழிற்சங்கங்கள், பொருளாதாரத் தடைகள், மாறிய உலக அரசியல். விளையாட்டுத் தடை அதில் ஒரு பங்கு மட்டுமே. கூடுதலாக உரிமை கோருவது உண்மைக்கு நியாயம் செய்யாது. ஆனால் அந்தப் பங்கு எவ்வளவு ஆழமாக இறங்கியது என்பதற்கு 1992 மார்ச் ஒரு சான்று. சீர்திருத்தம் தொடர வேண்டுமா என்று வெள்ளையரிடம் வாக்கெடுப்பு. அந்த நேரத்தில் தென்னாப்பிரிக்கக் கிரிக்கெட் அணி இருபது ஆண்டுக்கும் மேலான தனிமையிலிருந்து மீண்டு ஆஸ்திரேலியாவில் உலகக் கோப்பை ஆடிக்கொண்டிருந்தது. ‘வேண்டாம்’ என்று வாக்கு விழுந்தால் அணி மறுபடியும் வெளியேற வேண்டிவரும் என்பது ஒவ்வொரு வெள்ளையர் வீட்டுக்கும் தெரிந்திருந்தது. மார்ச் 17இல் 68 விழுக்காட்டுக்கும் மேலானோர் ‘வேண்டும்’ என்றார்கள். ஐந்து நாளில் அரையிறுதி. பூட்டிய கதவுக்குத் திறவுகோல் எது என்று முன்பே சொல்லியிருந்ததால்தான் இது நடந்தது. அணிகளில் நிறபேதம் ஒழிய வேண்டும், சங்கங்கள் இணைய வேண்டும், அதை ஒடுக்கப்பட்டவர்களின் பிரதிநிதிகள் ஒப்புக்கொள்ள வேண்டும். கதவைத் திறக்கச் சொன்னதும் அவர்களே. நெல்சன் மண்டேலாவும் ராபன் தீவில் சிறையிருந்த ஸ்டீவ் ட்ஷ்வெட்டேயும் சரி என்று சொன்ன பிறகே உலகம் அழைத்தது. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்குக்குத் தென்னாப்பிரிக்க ஒலிம்பிக் குழுவின் தலைவராக அணியைக் கூட்டிப் போனவர் சாம் ராம்சாமி.

இதன் பக்கத்தில் 1980 மாஸ்கோவை வைத்துப் பார்க்கலாம். 1979 டிசம்பரில் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்தன. அமெரிக்க அதிபர் கார்ட்டர் புறக்கணிப்பு அறிவித்தார். அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் போகவில்லை. முடிவெடுத்தது அரசு, விலை கொடுத்தது வீரர்கள். அமெரிக்கப் படகுப் போட்டி வீராங்கனை அனிதா டிஃப்ரான்ட்ஸ் தன் நாட்டு ஒலிம்பிக் குழுவின் மீதே வழக்குத் தொடுத்தார்; தோற்றார். அதே கார்ட்டர் சோவியத் யூனியனுக்குத் தானிய ஏற்றுமதியையும் நிறுத்தியிருந்தார். 1981இல் ரீகன் அதை நீக்கிவிட்டார். விவசாயிக்குச் சந்தை திரும்பக் கிடைத்தது, 1980இல் உச்சத்தில் இருந்த ஓட்டக்காரருக்கு அந்தக் கோடை திரும்பக் கிடைக்கவில்லை. சோவியத் படைகள் வெளியேறியது 1989இல். 1984இல் லாஸ் ஏஞ்சலஸைக் கிழக்கு அணி நாடுகள் பதிலுக்குப் புறக்கணித்தன. அவ்வளவுதான் கண்ட பலன்.

இந்தியா மாஸ்கோவுக்குப் போனது. தமிழகத்தின் வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் ஹாக்கித் தங்கம் வென்றது. இறுதியில் ஸ்பெயினை 4–3 என்று வென்ற ஆட்டத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் பாகிஸ்தான், மேற்கு ஜெர்மனி, நெதர்லாந்து, ஆஸ்திரேலியா யாரும் வராத, ஆறே அணிகள் ஆடிய போட்டி அது. நாம் கடைசியாக வென்ற ஒலிம்பிக் ஹாக்கித் தங்கத்தின் மேல் இந்த நிழல் இருக்கிறது. அதைப் பாஸ்கரனின் அணி வரவழைத்துக்கொள்ளவில்லை.

அழைப்பு வந்தும் கேட்கப்படாத கதை 1936 பெர்லின். அமெரிக்க யூத அமைப்புகளும் தொழிற்சங்கங்களும் போகாதீர்கள் என்று மன்றாடின. 1935 டிசம்பரில் அமெரிக்கத் தடகளச் சங்கத்தில் நடந்த வாக்கெடுப்பில் சொற்ப வாக்குகளில் அது தோற்றது. ஜெர்மானியர்கள் யூதர்களையும் அணியில் சேர்க்கிறார்கள் என்று ஏவரி பிரண்டேஜ் போன்ற ஒலிம்பிக் தலைவர்கள் வாதாடினார்கள். அந்த வாதத்துக்குக் காட்சிப் பொருளாக இருந்தவர் உயரம் தாண்டும் வீராங்கனை கிரெட்டல் பெர்க்மன். யூதர் என்பதால் கிளப்பிலிருந்து விரட்டப்பட்டு இங்கிலாந்துக்குப் போனவரை, குடும்பத்தைக் காட்டி மிரட்டித் திரும்ப வரவழைத்துப் பயிற்சி முகாமில் நிறுத்தினார்கள். 1936 ஜூனில் 1.60 மீட்டர் தாண்டி ஜெர்மனியின் தேசியச் சாதனையைச் சமன் செய்தார். ஜூலை நடுவில் அமெரிக்க அணி கப்பலேறியது. அது கிளம்பிய கையோடு, அணியில் இடமில்லை என்ற கடிதம் அவருக்கு எழுதப்பட்டது. ஜெஸ்ஸி ஓவன்ஸின் நான்கு தங்கங்கள் ஹிட்லரின் முகத்தில் அறைந்தன என்று ஆண்டுதோறும் எழுதுகிறோம். அந்தக் கடிதத்தையும் சேர்த்து எழுதினால்தான் பெர்லின் கணக்கு சரியாக வரும்.

2022 கத்தார் உலகக் கோப்பை நமக்குப் பக்கத்து வீட்டு விஷயம். ராமநாதபுரம், சிவகங்கை, தஞ்சைப் பக்கத்து ஊர்களில் வளைகுடாவுக்கு ஆள் போகாத தெரு இருக்காது. உலகக் கோப்பை கத்தாருக்கு 2010 டிசம்பரில் ஒதுக்கப்பட்டதிலிருந்து பத்தாண்டுகளில் இந்தியா, நேபாளம், வங்கதேசம், பாகிஸ்தான், இலங்கை ஆகிய ஐந்து நாடுகளைச் சேர்ந்த 6,500க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் அங்கே இறந்ததாக ‘கார்டியன்’ நாளிதழ் 2021இல் கணக்கு வெளியிட்டது. அதில் இந்தியர் 2,711. எல்லாத் துறைத் தொழிலாளர்களையும் சேர்த்த எண் அது. மைதான வேலையில் இறந்தவர்கள் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லவில்லை. அப்படிப் பிரிக்க முடியாததற்கே ஒரு காரணம் உண்டு. முப்பது வயதுக்காரர் தூக்கத்தில் இறந்தால் பிரேதப் பரிசோதனை இல்லாமல் ‘இயற்கை மரணம்’ என்று சான்றிதழ் கொடுத்து உடலை அனுப்பிவிடும் வழக்கம். காரணம் இயற்கை என்று எழுதிவிட்டால் இழப்பீடு இல்லை.

ஐரோப்பாவில் புறக்கணிப்புக் குரல் எழுந்தது. நார்வேயின் டிராம்சோ கிளப் தொடங்கிவைத்தது. 2021 ஜூனில் நார்வே கால்பந்துச் சங்கம் சிறப்பு மாநாடு கூட்டி வாக்கெடுத்தது. புறக்கணிப்புக்கு எதிராக 368, ஆதரவாக 121. நேர்மையான விவாதம் அது. கட்டுமானத் தொழிலாளர்களின் உலகக் கூட்டமைப்பு வேறொன்றைக் கேட்டது. போட்டி நடக்கட்டும், உலகத்தின் கண் அங்கே இருக்கும்போதே சட்டத்தை மாற்றுங்கள் என்றது. முதலாளியின் அனுமதிக் கடிதம் இல்லாமல் வேலை மாற முடியாது என்ற விதி 2020இல் நீக்கப்பட்டது. 2021 மார்ச்சில் 1,000 ரியால் குறைந்தபட்ச ஊதியம் நடைமுறைக்கு வந்தது. ஏட்டில் இருந்த அளவு களத்தில் இல்லை. ஆனாலும் அந்தப் பகுதியில் இது சிறிய நகர்வு அல்ல. ஆம்னெஸ்டி உள்ளிட்ட அமைப்புகள் பரிசுத் தொகைக்கு இணையாக 44 கோடி டாலரை இறந்தவர், ஏமாற்றப்பட்டவர் குடும்பங்களுக்கு ஒதுக்குமாறு ஃபிஃபாவைக் கேட்டன. ஃபிஃபா தரவில்லை. அந்தக் கோரிக்கைக்கு நாம் குரல் கொடுத்திருக்க வேண்டும். இறந்தவர்களில் ஆகப் பெரும் பங்கு நம்முடையது. உலகக் கோப்பையைத் தொலைக்காட்சியில் விழித்திருந்து பார்த்த நம் ஊர்களில் அந்த 44 கோடி டாலர் பேச்சு எழவே இல்லை.

இதே அளவுகோலை நம்மிடமும் வைத்துப் பார்க்க வேண்டும். 2013 பிப்ரவரியில் ஈழப் போரின் கடைசி நாட்களின் புகைப்படங்கள் வெளிவந்தன. தமிழகக் கல்லூரிகளில் மாணவர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். இலங்கை வீரர்கள் வருவார்கள் என்பதால் ஆசியத் தடகளப் போட்டியைச் சென்னையில் நடத்த முடியாது என்று முதல்வர் ஜெயலலிதா அறிவித்தார். அது புனேவுக்குப் போனது. மார்ச்சில், ஐபிஎல் ஆட்டங்களில் இலங்கை வீரர்கள் சென்னையில் ஆடக் கூடாது என்றார். ஐபிஎல் நிர்வாகமும் ஏற்றது. புலம்பெயர்ந்த ஈழத்தமிழர்கள் லண்டனிலும் மெல்போர்னிலும் இலங்கைக் கிரிக்கெட்டைப் புறக்கணிக்கக் கோரி மைதான வாசலில் நின்றிருந்தார்கள். ஆகவே அழைப்பே இல்லை என்று சொல்ல முடியாது. அந்தத் துயரம் பொய்யும் அல்ல.

ஆனால் சென்னையில் நடந்தது அந்த அழைப்பை வலுப்படுத்தவில்லை. எது நடந்தால் தடை நீங்கும் என்று யாரும் சொல்லவில்லை. விசாரணையா, காணாமல் போனவர்களின் பட்டியலா, நிலங்களைத் திருப்பித் தருவதா? எதுவும் நிபந்தனையாக வைக்கப்படவில்லை. சங்கக்காராவும் ஜெயவர்தனேயும் மற்ற நகரங்களில் ஐபிஎல் அணிகளுக்குத் தலைமை தாங்கி ஆடினார்கள். சென்னைக்கு வரும் நாளில் மட்டும் வெளியே இருந்தார்கள். அந்தத் தடைக்குள் அகப்பட்டவர்களில் முத்தையா முரளிதரனும் ஒருவர், கண்டியின் மலையகத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய அரசியல் கருத்துகள் தமிழர் பலருக்கும் உவப்பானவை அல்ல. அது வேறு விவாதம். தமிழர் உரிமைக்காக விதித்த தடையில் இலங்கை அணியின் மிகப் பெரிய தமிழ் வீரரே சேப்பாக்கத்துக்கு வெளியே நின்றார் என்றால், தடை எதைக் குறிவைத்தது என்று யாரும் யோசித்திருக்கவில்லை என்றுதான் பொருள். ஒரு பருவத்துக் கோபமாக அது வந்தது. முள்ளிவாய்க்கால் விசாரணை அதனால் ஓர் அங்குலமும் நகரவில்லை.

உலக அமைப்புகளின் நடுநிலை பற்றியும் ஒரு வார்த்தை. 2022 பிப்ரவரி 24இல் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தது. நான்கே நாளில் ஃபிஃபாவும் ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமும் ரஷ்ய அணிகளை விலக்கின. விளையாட்டில் அரசியல் இல்லை என்று பல பத்தாண்டுகள் சொன்ன அமைப்புகளுக்கு நான்கு நாள் போதுமாக இருந்தது. 2024 மே மாதம் பாங்காக் மாநாட்டில் பாலஸ்தீனக் கால்பந்துச் சங்கம் இஸ்ரேலை இடைநீக்கம் செய்யக் கேட்டது. காஸாவில் நடக்கும் அழிவையும், ஆக்கிரமித்த நிலத்துக் குடியேற்றங்களில் இஸ்ரேலியக் கிளப்புகள் ஆடுவதையும் காரணமாக வைத்தது. பாதிக்கப்பட்டவர்களின் சங்கமே கேட்கிறது, குற்றச்சாட்டில் ஒரு பகுதி நேரடியாக ஆடுகளம் பற்றியது. ஃபிஃபா சட்ட ஆலோசனைக்கு அனுப்பியது. உக்ரைனுக்குச் செய்தது சரி. பாலஸ்தீனத்துக்கு அதைச் செய்யாதது அநீதி.

இப்போது நம் கையருகே இருப்பது ஆப்கானிஸ்தான் கிரிக்கெட். 2020 நவம்பரில் அங்கே 25 பெண்களுக்குக் கிரிக்கெட் ஒப்பந்தம் கிடைத்தது. 2021 ஆகஸ்டில் தாலிபான் திரும்ப வந்தது. பெண்கள் விளையாட்டு நின்றது. வீராங்கனைகளில் பெரும்பாலோர் ஆஸ்திரேலியாவில் அடைக்கலம் புகுந்தார்கள். ஐசிசியின் முழு உறுப்பு நாட்டுக்குப் பெண்கள் அணி இருக்க வேண்டும் என்பது விதி. ஆப்கானிஸ்தானின் உறுப்புரிமையும் நிதியும் தொடர்கின்றன. ஆஸ்திரேலியா 2021இல் ஹோபார்ட் டெஸ்டைக் கைவிட்டது, அடுத்து இரு நாட்டுத் தொடர்களையும் ரத்து செய்தது. ஐசிசி போட்டிகளில் மட்டும் ஆடியது. 2025 தொடக்கத்தில் 160க்கும் மேற்பட்ட பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர்கள் சாம்பியன்ஸ் கோப்பையில் ஆப்கானிஸ்தானோடு ஆட வேண்டாம் என்று இங்கிலாந்து வாரியத்துக்கு எழுதினார்கள். இங்கிலாந்து லாகூரில் ஆடியது, எட்டு ஓட்டங்களில் தோற்றது.

அந்தப் பெண்கள் கேட்டது என்ன? 2024இல் பதினேழு பேர் கையெழுத்திட்டு ஐசிசிக்கு எழுதினார்கள். எங்களை அகதிகள் அணியாக ஏற்றுக்கொள்ளுங்கள், ஆட வழி செய்யுங்கள் என்பதே கோரிக்கை. ஆண்கள் அணியோடு ஆட மறுக்கலாமா என்பதைப் பற்றி லண்டனிலும் மெல்போர்னிலும் நடந்த விவாதத்தில் கால் பங்குகூட இந்தக் கடிதத்தைப் பற்றி நடக்கவில்லை. 2025 ஜனவரி 30இல் மெல்போர்னின் ஜங்ஷன் ஓவலில் அவர்கள் ஒரு காட்சிப் போட்டி ஆடினார்கள். ஏப்ரலில் ஐசிசி ஓர் உதவித் திட்டத்தை அறிவித்தது. இந்திய, இங்கிலாந்து, ஆஸ்திரேலிய வாரியங்கள் அதற்குத் துணை. பயிற்சிக்குப் பணமும் வழிகாட்டலும் உண்டு என்றார்கள். ஆப்கானிஸ்தான் என்ற பெயரில் ஆடும் உரிமையை அந்த அறிவிப்பு தரவில்லை.

ரஷீத் கானின் ஆண்கள் அணியை விலக்கினால் தாலிபான் இறங்கிவரும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆப்கன் மக்களுக்கு மிச்சமிருக்கும் மகிழ்ச்சிகளில் அந்த அணியும் ஒன்று. ஆனால் ஆப்கானிஸ்தான் வாரியத்துக்கு ஐசிசி ஆண்டுதோறும் தரும் நிதியில் பெண்களுக்கு உரிய பங்கைப் பிரித்து நேரடியாக அந்த அணிக்குக் கொடுக்கலாம். தகுதிச் சுற்றில் அவர்களுக்கு ஓர் இடம் கொடுக்கலாம். இரண்டையும் தாலிபானின் சம்மதம் இல்லாமலே செய்ய முடியும். அதற்கு ஆப்கானிஸ்தான் வாரியம் இடைஞ்சல் செய்தால், அன்று உறுப்புரிமையை நிறுத்துவதற்கு 1970இல் இருந்த அதே நியாயம் இருக்கும். கிரேட்டர் நொய்டா, டேராடூன், லக்னோ என்று அந்த ஆண்கள் அணிக்குச் சொந்த மைதானம் கொடுத்து வளர்த்தது இந்தியா. 2024 டிசம்பர் முதல் ஐசிசி தலைவர் நாற்காலியில் இருப்பவர் ஜெய் ஷா, அதற்கு முன் இந்திய வாரியத்தின் செயலாளர். பதினேழு பெண்களின் கடிதத்துக்கு முழுப் பதில் தரச் சொல்லி வேறு எந்த நாட்டு ரசிகர்களைவிடவும் நாம்தான் கேட்க முடியும், கேட்கவும் வேண்டும்.